சிதம்பரத்தில் வாங்கிய வெல்டிங் மிஷின்

எனக்கு வெல்டிங் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. 2009-இல் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பட்டறை போடுவது என்று முடிவானபோது, என்ன மிஷின் வாங்குவது என்று உட்கார்ந்து பேசியவர்கள் என் கணவரும் அவருடைய அக்கா வீட்டுக்காரரும். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

நான் பிறந்தது குறிஞ்சிப்பாடி பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு 2004-இல் சிதம்பரத்தில் ஒரு ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போட்டேன். கேட்டது தையல். அதில் இடம் முடிந்துவிட்டது. வெல்டர் பிரிவில் இருந்தது. அப்பா இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம்தான, சேரு" என்றார். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் மாதம் வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மூன்றாவது மாதம் எனக்கு அது பிடித்துப்போனது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை, உருகும் இரும்பு மட்டும் ஒரு சின்னக் குளம் மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் குளத்தை நான் இழுத்த பக்கம் வர வைக்க முடிந்தது. என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன பக்கம் வந்தது எதுவும் இல்லை.

படித்து முடித்ததும் சிதம்பரத்திலேயே ஒரு கிரில் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை செய்தேன். பிறகு கல்யாணம். கடலூர் செம்மண்டலம். பெண் பார்க்க வந்தபோது "கம்பெனியில வேலை பாக்குது" என்று அம்மா சொல்லிவைத்தாள். கம்பெனி என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கையிலிருந்த தீக்காயத் தழும்புகளைப் பார்த்து, சமையல் செய்யும்போது பட்டது என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார். கணவரிடம் மட்டும் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றலாம். அவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார். அந்தப் பிரிவையே மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு மாதம் சும்மா இருந்தபின் ஒரு நாள் அவராகவே, "உனக்குத்தான் தொழில் தெரியுமே. நம்ம வூட்டுலயே பட்டறை போடலாமா" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அன்றே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட். வரப்போகிற வேலை கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. மிஞ்சிப்போனால் பத்தாம் நம்பர் ராடுக்கு மேல் தேவைப்படாது. அதற்கு இருநூறு ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் ஒன்று போதும். கையில் தூக்கிக்கொண்டு போகலாம், கரண்டும் கம்மியாக இழுக்கும். வெட்டுவதற்குப் பதினாலு இஞ்ச் சக்கரம் போட்ட கட்டிங் மிஷின். கையில் பிடிக்கிற நாலு இஞ்ச் கிரைண்டர் இரண்டு, ஒன்றில் வெட்டுகிற சக்கரமும் இன்னொன்றில் தேய்க்கிற சக்கரமும் மாட்டியே வைத்திருக்கலாம். கேஸ் கட்டிங் செட் வேண்டாம். தடிமனான தகடு அறுப்பதற்குத்தான் அது வேண்டும். சதுரப் பைப்பை அதில் அறுத்தால் ஓரமெல்லாம் கடித்த மாதிரி இருக்கும்.

கணவரின் அக்கா வீட்டுக்காரர் வந்தார். என் கணவர் அவரை மாமா என்பார், எனக்கு அண்ணன் முறை. வெளிநாட்டில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவர் பார்த்தது கிரேன் வேலை என்றாலும் இரும்பு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் அவரைத்தான் கேட்பார்கள்.

"இன்வெர்ட்டர்னா உள்ள எலக்ட்ரானிக் கார்டு இருக்கும்" என்றார் என் கணவரைப் பார்த்து. "கார்டு போச்சுன்னா மெட்ராசுக்குத் தூக்கினு ஓடணும். இங்க எவனுக்கும் ரிப்பேர் தெரியாது. ஆயில் மிஷின்ல என்னா இருக்கு? காயிலும் எண்ணெயும். உன் பேரன் காலம் வரைக்கும் ஓடும்."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் கார்டு போன இன்வெர்ட்டர்கள் மாதக்கணக்கில் மூலையில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். "ஆனா அண்ணே, ஆயில் மிஷின் இழுக்கிற கரண்டு ஜாஸ்தி. நம்ம வூட்டு லைன் தாங்காது" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார். பிறகு கணவரிடம், "கேஸ் கட்டிங் இல்லாத பட்டறைக்கு எவன்டா வருவான்" என்றார்.

மூன்று பேரும் சிதம்பரம் போனோம். பழைய மிஷின்கள் விற்கிற கடை. கடைக்காரர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, குடிக்க கலர் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் இருவரும் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு பெரிய ஆயில் மிஷின் முன்னால் நின்றார்கள். பெயிண்ட் புதிது. நான் எழுந்து போய் மேல்மூடிப் பக்கம் முகர்ந்து பார்த்தேன். கருகிய வாடை. காயில் ஒரு தடவையாவது சூடேறிக் கருகியிருக்க வேண்டும்.

"ஒரு ராடு போட்டுக் காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "யம்மா, நீங்க உக்காருங்க" என்றார்.

"இல்ல, பாக்கணும்."

கடையாள் ஒருவர் வந்து ஒரு ஆங்கிள் இரும்புத் துண்டில் வெல்டிங் பிடித்தார். பொறி நாலா பக்கமும் சிதறியது. சுத்தியலால் கசடைத் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. கரண்ட் ஒரே சீராக வரவில்லை. கணவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன், "இது வேணாங்க." அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது.

"பொம்பளைங்களக் கூட்டினு வந்தா ஒரு வேலையும் ஆவாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். கடையாள் சிரித்தார். என் கணவர் மிஷினின் அடியிலிருந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மேல்மடிப்பு எனக்குத் தெரிந்தது.

ஆயில் மிஷினும் கேஸ் கட்டிங் செட்டும் மினி லாரியில் வீட்டுக்கு வந்தன. கிரைண்டர் ஒன்றுதான் வாங்கினார்கள். கட்டிங் மிஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் நான் ராடைத் தகட்டில் வைத்ததும் எங்கள் வீட்டு விளக்கு மங்கியது, பக்கத்து வீட்டு விளக்கும் எதிர் வீட்டு விளக்கும் மங்கின. ஒரே வாரத்தில் தெருவில் பாதிப் பேர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, தனி இணைப்பு வாங்காமல் ஓட்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவேன் என்றார். அந்த இணைப்பு வர மாதக்கணக்கில் ஆனது. கேஸ் சிலிண்டரைக் குளியலறைச் சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தோம். மாமியார் குளிக்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவார். பைப்பையெல்லாம் நான் ஆக்ஸா பிளேடாலும் அந்த ஒரு கிரைண்டராலும் அறுத்தேன். சக்கரத்தை மாற்றி மாற்றி மாட்டியதில் அதன் நட்டு மழுங்கிப்போனது.

ஆனாலும் வேலை வந்தது. ஆர்டர் பிடிப்பதும் அளவெடுப்பதும் சாமான் வாங்குவதும் கணவர், மற்றதெல்லாம் நான். போர்டில் அவர் பெயர். வாசலில் யாராவது கூப்பிட்டு நான் போய் நின்றால், "ஆள் இல்லையா" என்பார்கள். "இல்லீங்க, வெளிய போயிருக்காரு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த மிஷினையும் பழக்கிக்கொண்டேன். அதன் கரண்ட் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. மோசமான மிஷினில் நல்ல வேலை செய்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்த வருஷம் முதுநகரில் ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு கேட் ஆர்டர் வந்தது. அந்த வீட்டு அக்கா ஒரு தடவை டிசைன் சொல்ல வந்தார். நான் கையில் கறுப்புக் கண்ணாடி ஷீல்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் திகைத்து, பிறகு பக்கத்தில் குந்திக்கொண்டு, "நீயா செய்யிற? எனக்குக் கத்துத் தரியா" என்று கேட்டுச் சிரித்தார். அந்தக் கேட்டை நான் எப்போதையும்விடக் கவனமாகச் செய்தேன்.

எல்லாம் முடித்து சிவப்பு பிரைமரும் அடித்தாகிவிட்டது. பார்த்துப் போக முதுநகர் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். நான் கடைசியாக ஒரு இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.

"இத யாரு ஒட்டுனது?"

என் கணவர் பதில் சொல்வதற்குள் அவரே, "பொம்பள ஒட்டுனதா? கீலு தாங்குமா? எம்மாம் வெயிட்டு" என்றார்.

"நான் ஒரு தடவ போட்டுத் தந்துடுறேன் சார்" என்றார் என் கணவர்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஷீல்டுக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். மேல்கீலில், நான் போட்டு முடித்திருந்த வெல்டிங்கின் மேலேயே, பிரைமரைக்கூடச் சுரண்டாமல் ராடை வைத்தார். புகை கிளம்பியது. ராடு ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கி மறுபடியும் வைத்து, ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டே இருந்தார். பைப் மெல்லியது. ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க அதன்மேல் இரும்பை உருக்கி உருக்கிக் கொட்டினார். ஆறியபோது காக்கை எச்சம் மாதிரி இருந்தது.

அந்த மனிதர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நிக்கும்னு தோணுது. நாளைக்கு வண்டி கொண்டாறேன்" என்று போனார்.

"அதை அறுத்துட்டு நான் திரும்பப் போட்டுடறேன். பைப்பு போயிடுச்சு" என்றேன்.

"வுடு. பெயிண்டு அடிச்சா தெரியாது" என்றார் என் கணவர்.

ஒரு மணி நேர வேலை. அவர் கடைக்குப் போயிருந்தபோது செய்திருக்கலாம். மறுநாள் காலையில் வண்டி வரும் முன்பும் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. நிற்கட்டும், ஆம்பளை போட்டது எத்தனை நாள் நிற்கிறது பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெயிண்ட் அடித்தேன்.

இரண்டு மாதம் நின்றது. ஒரு காலையில் அக்கா வாசல் தெளிக்கக் கேட்டைத் திறந்தபோது மேல்கீல் பிய்ந்து, கதவு அவர் பாதத்தின்மேல் சாய்ந்தது. இரண்டு எலும்பு முறிந்தது. மறுநாள் அவர் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசினார். "அன்னிக்கே சொன்னன், பொம்பள செஞ்ச வேலைன்னு. ஒரு எடத்துல நீ போட்ட, மத்த எடமெல்லாம் அவதான?" என்றார் என் கணவரிடம்.

பிய்ந்தது எந்த இடம் என்று அவர் பார்க்கவில்லை. என் கணவர் முதல் நாள் மாலையே போய்ப் பார்த்திருந்தார், அவருக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுடுங்க சார், இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் கேள்விப்பட்டு வந்து, "இதுக்குத்தான் சொன்னன்" என்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நான் பழம் வாங்கிக்கொண்டு முதுநகர் போனேன். மாவுக்கட்டு போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

"எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு கேட்டப் பாத்துட்டு வந்ததுமே வேணாம்னாரு. நான்தான், அந்தப் பொண்ணு நல்லா செய்யிது, போயி எடுத்தாங்கன்னு சண்ட போட்டன்" என்றார். பழத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நீதான ஒட்டுன?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் என் கணவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதைவிட, தெரிந்தே பெயிண்ட் அடித்து அனுப்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். "ஆமாங்க்கா" என்றேன். அவர் தலையாட்டினார். பஸ் வரைக்கும் நிற்காமல் நடந்தேன்.

அதன்பின் கணவர் சம்பளத்துக்கு ஒரு வெல்டர் வைத்தார். அந்த மிஷின் அந்த வெல்டருக்கு ஒத்துவரவில்லை. கரண்ட் வெட்டு வேறு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. 2011 கடைசியில் புயல் வந்து ஊரே கூரை இல்லாமல் நின்றபோது, ஷெட் போடவும் தகடு மாட்டவும் எங்கள் வாசலில் காலையிலிருந்து ஆட்கள் நின்றார்கள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரில் எங்கள் ஆயில் மிஷினைப் போட்டால் ஜெனரேட்டர் உறுமி நின்றுவிட்டது. அடுத்த தெருவில் ஒருவர் சின்ன ஜெனரேட்டரில் இன்வெர்ட்டர் மிஷினை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பவே அந்தச் சின்ன மிஷினா வாங்கியிருக்கணும்டா" என்றார். என் கணவர் "ஆமா மாமா" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். அரிசியைக் களைந்து முடித்தேன்.

2012-இல் நான் சிதம்பரத்தில் முன்பு வேலை செய்த பட்டறைக்கே திரும்பப் போனேன். தினமும் பஸ். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, பிறகு சாப்பாடு கட்டிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் ஒரு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து, "புதுசா வாங்கிடலாம், நீ சொல்ற மிஷின்" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. எனக்கு இரக்கமும் வந்தது. "வேணாங்க" என்றேன்.

ஆயில் மிஷினை உள்ளிருக்கும் கம்பிக்காக ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துப்போனார். என் கணவர் இப்போது ஒரு குடோனில் கணக்கு எழுதுகிறார். நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. வீட்டுக்கு என்ன வாங்கினாலும், மிக்ஸி ஆனாலும் ஃபேன் ஆனாலும், என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறார். முதுநகர் பக்கம் ஏதாவது வேலை இருந்தால் நான் போவதில்லை, அவரை அனுப்பிவிடுகிறேன்.