அப்படியே சொல்லு

முன்பின் தெரியாதவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளைப் பல வருடங்களாக உதறி வருகிறேன். கறை, முடி, வாந்தி எல்லாம் பார்த்தாயிற்று. அதற்கெல்லாம் முகம் சுளிக்காத எனக்கு, அந்தக் குடும்பத்தை நினைத்தால் குமட்டுகிறது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்க மூலைகள் என் கையில், அந்தப் பக்க மூலைகள் என் ஜோடிக்காரி கையில். இழுத்து உதறி, எதிரெதிராக நடந்துவந்து மூலையோடு மூலை சேர்ப்போம். கத்தியால் வெட்டியதுபோல் ஓரம் நிற்கும்படி மடிப்பாள். அதனால் கூடத்தில் அவளுக்குப் பேரே மடிப்புதான். கல்யாணமாகி நேராக இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவள். அம்மா போன் செய்தால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வான். இவள் "நல்லா இருக்கேன்மா" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் முகம் என் முகத்தருகே வந்து போகும். கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஒருநாள் பாதி வழியில் மூலைகளை விட்டுவிட்டு, அழுக்குத் துணிக் குவியலுக்குள் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மனநல ஆலோசனை இலவசம் என்று எங்கள் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. அதில் எல்லோரும் பல் விளம்பரம்போலச் சிரிப்பார்கள். மேற்பார்வையாளர் அவளை அங்கே அனுப்பினார். முதல் தடவை மொழிபெயர்க்கிறேன் என்று புருஷனே கூடப் போனான். திரும்பி வந்தவள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் மூச்சு விடாம பேசினேன்க்கா. அவரு ஒரே வரியில முடிச்சுட்டாரு."

வீட்டு நினைப்புதான், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறான். பூசி மெழுகுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாண மேடையிலும் இவளுக்குச் சேர்த்து அவனே பதில் சொல்லியிருப்பான்.

ஆலோசகர் அம்மாள் ஏமாளி இல்லை. அடுத்த தடவை புருஷனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். துணைக்கு நான் உள்ளே போனேன். மேஜைமேல் டிஷ்யூ டப்பா, வாடாத பிளாஸ்டிக் செடி, ஒரு போன். மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். யாராவது முகம் தெரியாத ஆள் பேசுவார், இனி இவள் மனதில் உள்ளதைக் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். மடிப்பு தன் பேரைச் சொன்னதும் போனிலிருந்து ஒரு பெண் குரல்:

"அண்ணி? நீங்களா?"

நாத்தனார். வேறு ஊரில், வீட்டிலிருந்தபடியே இந்த வேலை பார்க்கிறாளாம். நம் ஆட்கள் போகிற இடமெல்லாம் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுகிறார்கள். தெரிந்தவர் என்றால் அழைப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும், அதுதான் அந்த வேலையின் முறை. நாத்தனார் மாற்றவில்லை. குரலைத் தாழ்த்தி, தேனில் குழைத்தாள்.

"எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள பேசிக்கலாம் அண்ணி. வெளிய சொன்னா நம்ம மானம்தான் போகும்."

பிறகு ஆலோசகரிடம் அந்த நாட்டு மொழியில், மடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த சொற்ப வார்த்தைகளில் அதுவும் ஒன்று. தினமும் வேலையில் சொல்கிற பொய் அல்லவா. மடிப்பு அதுவரை பேரைத் தவிர எதற்கும் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நாத்தனார் ஓர் உயிரையே மறைக்கப் பார்த்தாள், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. எச்சில் துப்ப இடம் தேடினேன்.

நன்றாக இருப்பதாகவே ஆலோசகர் எழுதிக்கொண்டார் என்றால் மடிப்புக்கு அடுத்த கதவு கிடையாது. நான் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், போனில் இருப்பது புருஷனின் தங்கை என்று சொல்லிவிட்டேன். ஆலோசகர் அம்மாளுக்கு முகம் சிவந்தது. அழைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினார். மடிப்பு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். இவளே இருக்கட்டும்."

விரிப்பின் மூலையைப் பிடிப்பதுபோல மேஜை ஓரத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துப் பேசினாள்.

"ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. செத்துடலாம்னு தோணுது. உங்க அண்ணன்கிட்ட அழுதேன். வெளிய சொன்னா குடும்பத்துக்கு அசிங்கம்னாரு. இத அப்படியே சொல்லு. சாவுக்கு இவங்க மொழியில என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியும். அது காதுல விழற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"அண்ணி..." என்றாள் நாத்தனார். இவள் அசையவில்லை. கடைசியில் அந்தக் குரல், தேன் எல்லாம் வடிந்துபோய், ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கியது. அந்த வார்த்தையும் வந்தது. நடுவில் அழுகையும் வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆலோசகர் அந்த அழைப்பை முடித்துவிட்டு, நாற்காலியை மடிப்பின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு டாக்டரையும், சொந்தமில்லாத வேறொரு மொழிபெயர்ப்பாளரையும் வரவழைத்தார். இன்று இவளை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை என்று எனக்குச் சைகையில் சொன்னார்.

நான் மட்டும் வெளியே வந்தேன். புருஷன் எழுந்து நின்றான். அவன் போன் அதற்குள் அடிக்க ஆரம்பித்திருந்தது. திரையில் தங்கையின் படம்.

"என்னக்கா சொன்னா உள்ள?"

"நல்லா இருக்கேன்னு சொல்லல தம்பி."