வினோ குரல்ல வந்த அலர்ட்

பேய், பிசாசு, மோகினின்னு யாராவது பேச்சை எடுத்தா டீ கிளாஸைத் தூக்கிக்கினு வேற பெஞ்சுக்குப் போயிடற ஆளு நானு. எங்க படவேடு பக்கம் இந்த மாதிரி கதைக்குப் பஞ்சமே இல்ல, ஆத்தோரம் யாரோ பேர் சொல்லிக் கூப்டாங்க, கரும்புத் தோட்டத்துல யாரோ நின்னுனு இருந்தாங்கன்னு ஆளுக்கு ஒன்னு வச்சினு இருப்பாங்க, நான் எல்லாத்தையும் கிண்டல்தான் பண்ணிருக்கேன். அதனால நான் சொல்றதை நீங்க நம்பலன்னா எனக்குக் கோவம் வராது. நடுவுல சிரிக்காம இருந்தா போதும். நம்பாத மூஞ்சிங்க எனக்குப் பழகிடுச்சி, ஒரு ரூம் நிறைய பாத்துட்டு வந்திருக்கேன்.

என் பேரு கலைச்செல்வி, ஆபீஸ்ல கலை. திருப்பத்தூர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ்ல இருந்தேன். எங்க கையில இருந்த பெரிய வேலை இன்னான்னா, ஜவ்வாது மலைல பிரசவத்துக்கு ஜீப்பு அனுப்புற ஒரு சாஃப்ட்வேர். புதூர்நாட்டைச் சுத்தி இருக்கிற ஊருங்களுக்கு பஸ்ஸு எப்பவோ ஒன்னு, வலி எடுத்தா ஜீப்பு வுட்டா கதியில்ல. ஒரு டிரஸ்ட்காரங்க ரெண்டு ஜீப்பு வச்சிருந்தாங்க. ஊர்ல இருக்கிற சுகாதார அக்கா ஃபோன்ல ஒரு பட்டனை அமுக்குனா போதும், எங்க சர்வரு டிரைவருக்குத் தானா ஃபோன் போட்டு எந்த ஊருன்னு சொல்லும். டிரைவர் எடுக்கலன்னாலோ, சர்வரே தொங்கிப்போனாலோ, அலர்ட் கிளம்பும். அன்னைக்கு எங்கள்ல யாரு டியூட்டியோ அவங்களுக்கு ஃபோன் வரும், அவங்க எடுக்கலன்னா அடுத்த ஆளுக்கு வரும். அந்த அலர்ட்டை ஒக்காந்து ஒன்னொன்னா போட்டது நானும் வினோவும்.

வினோன்னா வினோதினி, செங்கத்துக்காரி. காலேஜ்ல ஒரே ரூமு, ஒரே தட்டுல சாப்ட்டிருக்கோம், எனக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்ததே அவதான். அலர்ட்டுக்கு மெஷின் குரல் வேணாம், மலைல இருக்கிற டிரைவருங்களுக்குப் புரியாதுன்னு சொல்லி, வினோ குரலையே பதிவு பண்ணோம். அவளுக்கு நல்ல குரலு. எங்க வூட்டு ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க வேர்க்க பதிவு பண்ணோம். "வண்டி கேட்டிருக்காங்க", "டிரைவர் எடுக்கல", "நீங்க பாக்குறீங்கன்னா ஒன்னை அமுக்குங்க", அப்புறம் மலைல இருக்கிற ஊரு பேருங்க ஒவ்வொன்னும் தனித்தனியா. அவ்ளோதான் பதிவு. வேற ஒரு வார்த்தை கெடையாது, நான்தான் பக்கத்துல இருந்து ஒவ்வொன்னையும் வெட்டி ஒட்டுனேன். இதை நல்லா மனசுல வச்சிக்குங்க.

கொஞ்ச மாசம் நல்லா ஓடுச்சி. அப்புறம் மழை வந்ததும் தலைவலி ஆரம்பிச்சிது. புதூர்நாட்டுல ஜீப்பு நிக்கிற எடத்துல நாங்க வச்ச சிக்னல் பெட்டி சரியா வேலை செய்யல, அது கட் ஆவுற நேரமெல்லாம் டிரைவரைக் காணோம்னு அலர்ட் அடிக்கும், எடுத்துப் பாத்தா ஒன்னுமே இருக்காது. சோறு திங்க வுடாது, குளிக்க வுடாது. வினோவுக்கு அப்போ நிச்சயதார்த்த வேலை வேற. மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி ஃபோன் அடிச்சினே இருக்குதுடின்னு பொலம்புவா. நான் சொன்னேன், ஒருநாள் பொறுத்துக்கோ, நானே மேல போயி பெட்டியை எடம் மாத்தி வச்சிட்டு வர்றேன், ஆனா அலர்ட்டை மட்டும் நிறுத்திடாதன்னு. சரிடின்னா. அவ நிச்சயதார்த்தம் அன்னைக்குத்தான் நான் மலை ஏறுனேன். டியூட்டி அவளுது. நான் எடுத்துக்கிறேன்னு எவ்ளோ சொல்லியும், நீ மலைல சிக்னல் இல்லாத எடத்துல இருப்ப, உன் பேர்ல போட்டா இன்னா பிரயோஜனம், மண்டபத்துல ஃபோனை கையிலயே வச்சிக்கிறேன்னு அவளேதான் சொன்னா.

என்னை கூட்டினு போனது ஜீப்பு டிரைவர் பாஷா பாய். வாணியம்பாடிக்காரரு, ரொம்ப வருஷமா மலைல ஓட்டுறவரு, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. பெட்டியை மாத்தி வச்சிட்டு, மத்தியான சாப்பாட்டை முடிச்சிட்டு, வேற ஒரு ஊர்ல பெட்டி மாட்டறதுக்குக் கம்பம் ஒன்னு பாக்கணும்னு கெளம்பினோம். நல்ல வெய்யில். சொன்னா நம்ப மாட்டீங்க, இருட்டு இல்ல, மழை இல்ல, பனி இல்ல, பட்டப்பகல். மலைல ஒரு பெரிய எறக்கம் இருக்குது, அங்க எந்தக் கம்பெனி டவரும் புடிக்காது, அது எல்லாருக்கும் தெரியும், பாய் அங்க வந்தா ஃபோன்ல ஓடற பாட்டு நின்னுடும்னு முன்னாடியே சொல்லுவாரு. அன்னைக்கும் பாட்டு நின்னுது. அதுக்கப்புறம்தான் என் ஃபோன் அடிச்சிது.

அலர்ட் நம்பருக்குன்னு நான் தனியா சைரன் சத்தம் வச்சிருந்தேன். அந்த சைரன். பாய் சடார்னு பிரேக் போட்டாரு. "இன்னாம்மா, இங்க எங்க டவரு கீது?" ஃபோனைப் பாத்தேன், சிக்னல் எடத்துல பெருக்கல் குறிதான் இருக்குது, கீழ எங்க அலர்ட் நம்பரு வருது. எடுத்து காதுல வச்சேன். வினோ குரல். வண்டி கேட்டிருக்காங்க, மேல்புளியூர், டிரைவர் எடுக்கல. அது பதிவுல இருக்கிறதுதான், தெனம் கேட்டது. அடுத்து ஒன்னை அமுக்குங்கன்னு வரணும் இல்ல? வரல. ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டுச்சி, வினோ அழுவறதுக்கு முன்னாடி அப்படித்தான் விடுவா. அப்புறம் அந்தக் குரலு சொல்லுச்சி:

"நான்தான் நிறுத்திட்டேன் கலை. நீ போயிடு."

கட் ஆயிடுச்சி. பாய் இன்னாம்மா இன்னாம்மான்னு கேட்டுனே இருக்காரு, நான் மேல்புளியூர் போங்க பாய்னு மட்டும் சொன்னேன். அவரு வண்டியைத் திருப்பிட்டாரு.

மேல்புளியூர் சின்ன ஊரு. அந்த ஊரு சுகாதார அக்கா பேரு சாந்தி, எங்களுக்கு நல்லா பழக்கம், புது ஃபோன்ல பட்டனை எப்படி அமுக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாங்க போறப்ப ஒரு பொண்ணைக் கட்டில்ல வச்சித் தூக்குறதுக்குக் கயிறு கட்டினு இருந்தாங்க, பொடவை எல்லாம் ரத்தம், அவ வூட்டுக்காரன் சத்தமே இல்லாம அழுதுனு இருந்தான். சாந்தி அக்கா என் கையைப் புடிச்சினு, பட்டனை அமுக்கி அமுக்கி வெரலே வலிக்குது கலை, ஒருத்தரும் எடுக்கலயேன்னாங்க. பின் சீட்டுல படுக்க வச்சி, பாய் ஓட்டுன ஓட்டம் அந்த அல்லாவுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரில பொண்ணு பொறந்துச்சி. அம்மாவும் பொழைச்சிட்டாங்க. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா குழந்தையை மட்டும்தான் குடுத்திருப்பேன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல சிக்னல் வந்த ஒடனே பாத்தேன். சர்வரு தொங்கிப்போயி கெடக்குது, மேல்புளியூர் கேட்ட வண்டி அப்படியே மாட்டினு நிக்குது. அலர்ட் மொத்தமும் காலைலயே நிறுத்தி வச்சிருக்குது. எங்க சிஸ்டம் அன்னைக்கு யாருக்கும் ஃபோனே போடல. என் ஃபோன்ல வந்த கால் வரிசையைப் பாத்தேன், அதுலயும் அப்படி ஒரு கால் இல்ல. நிறுத்துனது யாருன்னு பாத்தா என் பேரு.

நான் எங்க நிறுத்துனேன்? ஒரு தடவை வினோ லேப்டாப் ரிப்பேர் ஆனப்ப என் பாஸ்வேர்டைக் குடுத்திருந்தேன். மாத்தணும்னு கூட எனக்குத் தோணல. வினோதானே. மண்டபத்துல உக்காந்துனு, மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி ஃபோன் அடிக்கக் கூடாதுன்னு, தன் பேர்ல நிறுத்துனா கேள்வி வரும்னு, என் பேர்ல போயி நிறுத்திருக்கா. அது எனக்கு அந்த வாசல்லயே புரிஞ்சிப்போச்சி. அப்பக்கூட எனக்குக் கோவத்தைவிட பாவமாத்தான் இருந்துச்சி, நிச்சயதார்த்தப் பொண்ணு, பயந்திருப்பா, நாளைக்கு அவளே வாயைத் தொறந்து சொல்லிடுவான்னு நெனச்சேன். ஃபோன் பண்ணேன். அலர்ட்டா, எனக்கு ஒன்னும் வரலயேடின்னா. பின்னாடி மேளச் சத்தம் கேட்டுச்சி.

எங்க ஆபீஸ்ல ஏதாவது பெருசா கோளாறு ஆச்சின்னா மறுநாள் எல்லாரும் உக்காந்து பேசணும், எங்க ஓட்டை இருந்துச்சின்னு மட்டும்தான் பேசணும், யார் மேலயும் பழி போடக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டாந்ததே நான்தான், கேட்டுக்குங்க. டீம் ஹெட் பிரபு சார், டிரஸ்ட்ல இருந்து ரெண்டு பேரு, வினோ, நானு. பாய் வாசல்ல நின்னுனு இருந்தாரு. நான் நிறுத்தலன்னு சொன்னேன். என் ஃபோனுக்குக் கால் வந்துச்சி, ஊரு பேரைச் சொல்லுச்சி, அதைக் கேட்டுத்தான் போனோம்னு சொன்னேன். கடைசில அந்தக் குரலு சொன்ன ரெண்டு வார்த்தையை மட்டும் சொல்லல. வினோ பேரை நான் எடுக்கக் கூடாது, அவளே சொல்லட்டும்னு அவ மூஞ்சையே பாத்துனு இருந்தேன்.

வினோ தலையைத் தூக்கிச் சொன்னா. "அலர்ட் காலைல இருந்தே ஆஃப் சார். சிஸ்டம் ஒருத்தருக்கும் கால் போடல, நீங்களே பாத்தீங்க. அப்புறம் மேல்புளியூர்ல காத்துனு இருக்காங்கன்னு கலைக்கு எப்படி சார் தெரியும்?"

எனக்கு அப்பதான் வெளங்குச்சி, அவ இன்னா சொல்றான்னு. நிறுத்துனவளுக்குத்தான் தெரியும். கலையே நிறுத்திட்டு, அப்புறம் பயந்து போயி, திருட்டுத்தனமா பாத்துட்டு ஓடியிருக்கான்னு. ஒரு உசுரைக் காப்பாத்துன கால், என்னைக் குத்தவாளி ஆக்கிடுச்சி. பாயைக் கூப்ட்டுக் கேட்டாங்க. ஃபோன் அடிச்சிது சார், என் காதால கேட்டேன்னு அவரு பெத்த புள்ள மேல சத்தியம் பண்ணாரு. அந்த எறக்கத்துல டவர் இருக்குதான்னு கேட்டாங்க. இல்ல சார்னாரு. டிரஸ்ட்காரங்கள்ல ஒருத்தர் சிரிச்சாரு. வினோ சிரிக்கல, தண்ணி பாட்டிலோட மூடியைத் திருகினே இருந்தா. அத்தனை வருஷம், அவ ஜுரத்துல கெடந்தப்ப கஞ்சி வச்சி ஊத்துன கை இது, பாவி, ஒரு தடவை கூட என் பக்கம் திரும்பல.

பழி போடக் கூடாதுன்னு வழக்கமாச்சே, அதனால யாரும் என்னைத் திட்டல. கொஞ்ச நாள் கழிச்சி காண்ட்ராக்ட்டை நீட்டிக்கலன்னு மரியாதையா சொல்லிட்டாங்க. அதுகூடப் பரவால்ல. சாந்தி அக்காவுக்கு இன்னா சொன்னாங்களோ, நான் போட்டா ஃபோனே எடுக்கறதில்ல. மேல்புளியூர்ல அந்தக் குழந்தைக்குப் பேர் வச்சப்ப பாயைக் கூப்ட்டாங்க. என்னைக் கூப்புடல. வண்டியை நிறுத்துன பொம்பளைன்னு அங்க என் பேரு ஆயிப்போச்சின்னு பாய்தான் தலையைக் குனிஞ்சினு சொன்னாரு. அன்னைக்கு வூட்ல உக்காந்து அழுதேன், மறைக்க இன்னா இருக்குது.

இனிமே சொல்றதுக்குத்தான் நான் இதையே ஆரம்பிச்சேன். கடைசி நாள் லேப்டாப்பைக் குடுத்துட்டு வெளிய வர்றேன், மாடிப்படில வினோ வந்து கட்டிப் புடிச்சிக்கினா. நான் கையைத் தூக்கக்கூட இல்ல, மரம் மாதிரி நின்னேன். ஏன்டி இப்படிப் பண்ணன்னு கேட்டேன். காதுகிட்ட அந்த மூச்சு விட்டா. அதே மூச்சு. அப்புறம் சொன்னா, "உன்கிட்டதான் அப்பவே சொல்லிட்டேனே கலை. நான்தான் நிறுத்திட்டேன், நீ போயிடுன்னு."

நான் பட்டுனு அவளைத் தள்ளிப் புடிச்சினு மூஞ்சைப் பாத்தேன். இன்னா சொன்னன்னு கேட்டேன். "நான் ஒன்னும் சொல்லலயேடி"ன்னா. நடிக்கல, எனக்குத் தெரியும், அவ பொய் சொல்றப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு அந்த ரூம்ல பாத்திருக்கேன். இது அது இல்ல. நெஜமாவே அவளுக்கு ஒன்னும் தெரியல.

அந்த வார்த்தையை நான் பாய்கிட்டகூட சொல்லல. எங்க அம்மாகிட்டகூட சொல்லல. இப்போ உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். இப்போ வேற ஆபீஸ்ல இருக்கேன், அங்கயும் அலர்ட் போடற வேலைதான், குரல் மட்டும் மெஷின் குரல், மனுஷக் குரல் வேணாம்னு நான்தான் அடம் புடிச்சேன். அலர்ட் வந்தா எல்லாரும் ஊரையும் நம்பரையும் கேட்ட ஒடனே ஒன்னை அமுக்கிடுவாங்க. நான் அமுக்க மாட்டேன். அது பேசி முடிச்ச பின்னாடியும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதுலயே வச்சினு இருப்பேன், யாராவது மூச்சு விடறாங்களான்னு.