எஸ்தர் அக்காவுக்கு நாற்பது போதும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எஸ்தர் அக்காவின் கணவர் போன் செய்தார். நான் கடையில் ஒரு ஸ்டீயரிங்கை மேசையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். "எஸ்தர் போயிட்டாபா. காலைல, தூக்கத்துலயே" என்றார். ஸ்பேனரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மீதி இரண்டு போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் கடையைப் பூட்டினேன். பாதி வேலையில் எழுந்து வந்திருந்தால் அக்காவே திட்டியிருப்பார்.

காஞ்சிபுரத்தில் கார் ஓட்டும் பெண்களில் பலருக்கு அவர் டிரைவிங் ஸ்கூல் எஸ்தர் மேடம். கருடசேவைக் கூட்டத்திலும் பதறாமல் வண்டி எடுக்கப் பழக்கியவர். எனக்கு அவர் ரேஸில் கூட்டாளி. இது உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

என் கடை, கார் ரேஸ் விளையாடும் இடம். திரைக்கு முன்னால் இருக்கை, பெடல், ஸ்டீயரிங். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருக்கும். திரையில் ஓடும் காரின் சக்கரத்துக்கு என்ன நேர்கிறதோ, அதை அந்த மோட்டார் நம் கைக்குத் தள்ளிக் கொடுக்கும். இதற்கு ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று பெயர். அதன் அளவுகளைச் சரிசெய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முதல்முறை வந்தது, புதிதாகப் பழகுகிறவர்களை ரோட்டில் இறக்குவதற்கு முன் இங்கே உட்காரவைக்க முடியுமா என்று பார்க்க. தானே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி, கையை விட்டார். அது சட்டென்று நடுவுக்கு வந்து நின்றது. "வண்டி நின்னுக்கினு இருக்குது. இது ஏன்பா தானா திரும்புது? இதுல பழகினா ரோட்ல எவளாவது கைய உட்டுடுவா" என்றார். இரண்டு வருடமாக, அப்படி நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் அமைப்பை அணைக்காமலே வைத்திருந்தேன். ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கே அணைத்தேன்.

பழக்க வந்தவருக்கே ரேஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. வெயிலில் யாரும் வண்டி பழக வராத மதிய நேரங்களில் என் கடையில் இருப்பார். ஞாயிறு பகலில் இருவர் பாதிப்பாதி ஓட்டும் ஆன்லைன் ரேஸில் நாங்கள் ஒரு அணி. நான் வேகம், அவர் நிதானம். யாரால் அணி பிழைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு புற்றுநோய் வந்தது. சென்னையில் போட்ட ஊசிகளால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஸ்கூல் காரில் உட்காருவதை அவரே நிறுத்திக்கொண்டார். "பக்கத்துல இன்னொருத்தி உயிரு இருக்குது பா" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது என் கடை ஸ்டீயரிங் ஒன்றுதான்.

அதைத்தான் நான் கெடுத்தேன். உணர்ச்சி குறைந்த கைக்கு விசை கூடுதலாக வேண்டும் என்று நானே முடிவு செய்து, அவரிடம் சொல்லாமல், அறுபது சதவீதத்தில் இருந்ததைத் தொண்ணூற்றைந்தாக ஏற்றிவைத்தேன். அக்கா மூன்று சுற்று ஓட்டினார். மூன்றிலும் ஒரே வளைவில் கார் சுழன்றது.

"என்ன மாத்தின?"

"ஒன்னும் மாத்தலக்கா."

அவரே திரையில் அளவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தார். "எனக்கு வெரல்தான் மரத்துப்போச்சு. புத்தியுமா மரத்துப்போச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு வாரம் வரவில்லை.

ஓரிக்கையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டதும் காபி கொடுத்தார். "காது மந்தமானவங்க கிட்ட போய் கத்துறியே, கத்தினா சத்தம் கேக்கும். பேச்சு கேக்குமா?" என்றார். வெட்கமாக இருந்தது. மோட்டாருக்கும் ஒரு எல்லை உண்டு. அளவை ஏற்றினால் சின்ன வளைவும் பெரிய வளைவும் அந்த எல்லையில் போய் முட்டி, ஒரே கனமாகிவிடும். டயர் வழுக்கப்போகும் நேரத்தில் ஸ்டீயரிங் கொஞ்சம் லேசாகுமே, அந்த எச்சரிக்கை வந்து சேராது. எல்லோருக்கும் நான் சொல்லும் பாடம் இது. அவரிடம் மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் இருவருமாக உட்கார்ந்தோம். "ஒரு நேரத்துல ஒன்னு மாத்து. என்ன மாத்துறன்னு சொல்லிட்டு மாத்து" என்றார். பாதையின் ஓரத்தில் சக்கரம் ஏறும்போது வரும் அதிர்வை அணைத்தோம். ஸ்டீயரிங்கை மந்தமாக்கும் தடைகளை எடுத்தோம். மொத்த விசையை ஐம்பதுக்கு இறக்கினோம், பிறகு நாற்பத்தைந்து. விரல்களை விட்டு உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தார். நாற்பதில், அதே வளைவில், "இங்க லேசாவுது" என்றார். திரையில் பார்த்தேன். சரியாக அங்கேதான் முன்சக்கரம் பிடிப்பை இழக்கத் தொடங்கியிருந்தது. "நாப்பது போதும் பா. எழுதி வெச்சுக்கோ."

அந்த அளவில் ஒரு ரேஸ் ஓட்டினோம். அவர் ஓட்டிய பாதியில் கார் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என் பாதியில் சுவரில் மோதினேன். பதினோராவது இடம். வீட்டுக்குப் போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதுதான் அவர் ஓட்டிய கடைசி ரேஸ்.

இப்போது என் கடையில், உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல் எந்த அளவையும் மாற்றுவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நாற்பதில் தொடங்குகிறேன். நிறையப் பேர் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றிக் கொடுக்கிறேன், அது அவர்கள் கை.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு குறைந்திருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டேன். தெரிய வேண்டுமே என்று பலமாகத்தான் பற்றியிருக்கிறேன் போல. கண்ணைத் திறக்காமலே, "கெட்டியா புடிக்காத பா. நீ இருக்கறது தெரியுது" என்றார். பிடியைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகுதான், அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மிக லேசாக, உள்ளங்கையால். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.