மட்டையோடு ஓடிய வரலாறு

பிரான்சில், ஸ்தேன் என்ற ஊரில் ஒரு பழைய பேஸ்போல் மைதானம் இருக்கிறது. அதன் ஓரத்துப் புல்லில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில தமிழர்கள் கிரிக்கெட் விளையாடுவோம். யாரிடமும் கேட்டதில்லை. எங்களைத் துரத்த வேண்டிய பேஸ்போல் அணித் தலைவர், எழுபதைத் தாண்டிய பிரெஞ்சுக் கிழவர், துரத்தாமல் வேலியில் சாய்ந்துகொண்டு அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லி அறுப்பார். முதலில் ரயில்வே தொழிலாளர் அணியாம். பிறகு தபால்காரர் அணியாம், அது கோபித்துக்கொண்டு இரண்டாக உடைந்ததாம். கோப்பையை யார் வீட்டில் வைப்பது என்று அடிபட்டு இரண்டாய்ப் போன கிரிக்கெட் கழகத்து ஆள் நான். எனக்கு இதில் ஒன்றும் புதிதில்லை.

ஒரு நாள் அவர், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கே வந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவருடைய அணியில் அவரோடு சேர்த்து மிஞ்சியது ஐந்து கிழவர்கள். ஞாயிறன்று மெரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஒரு அம்மையார் ஆட்டம் பார்க்க வருகிறார். களத்தில் ஒன்பது பேர் இல்லையென்றால் மைதானம் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும்.

"நாலு பேர் தருவாயா?"

"எங்களுக்குச் சட்டம் ஒன்றும் தெரியாதே," என்றேன், வெண்டிக்காயைத் தராசில் கொட்டியபடி.

"அந்த அம்மாவுக்கும் தெரியாது."

ஞாயிறு என் முறை வந்தது. இரண்டு பந்தைக் கோட்டை விட்டேன். மூன்றாவது நன்றாகவே பட்டது. ஓடினேன். இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? மட்டையும் கூடவே ஓடி வந்தது.

"அண்ணை, மட்டையைப் போட்டிட்டு ஓடுங்கோ!" என்று எங்கள் ஆள் ஒருவன் கத்தினான்.

அதற்குள் மட்டையை நீட்டிக்கொண்டு ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தை நோக்கிக் குப்புறப் பாய்ந்துவிட்டேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல வழியில்லை, மீசை முழுக்க மண். பந்தை வைத்திருந்த எதிரணிக்காரர் என்னை வெளியேற்ற மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அது என்ன?" என்று அம்மையார் கேட்டது காதில் விழுந்தது. கிழவரின் மைதானம் என்னால் போயிற்று என்று வெட்கத்தில் எழும்பாமலே கிடந்தேன்.

"பழைய ரயில்வே அணியின் பாணி, மதாம்," என்றார் கிழவர், கண் இமைக்காமல். "பிரான்சிலேயே இங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது."

அம்மையார் அதை எழுதிக்கொண்டார்.

மைதானம் தப்பியது. மைதான வாசலில் மெரி மாட்டிய வரலாற்றுப் பலகையில் அந்தப் பாணிக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வாசித்த அன்று கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இப்போது அவரும் மற்ற நான்கு கிழவர்களும் மட்டையோடுதான் ஓடுகிறார்கள். எதிரணி சிரித்தால், பலகையைப் போய் வாசிக்கச் சொல்கிறார்கள்.