வாயில் மண்

துளைபோடும் இயந்திரம் கக்கிய ஈரத்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, முன்பற்களுக்கு நடுவே வைத்து மெல்ல அரைக்கிறார் மண்ணக்கா. கண் மூடியிருக்கிறது. அரைத்து முடித்ததும் ஓரமாகத் துப்பிவிட்டு, தோளில் தொங்கும் பாட்டில் தண்ணீரால் வாய் கொப்புளிக்கிறார்.

"கரகரன்னா வண்டல், வெண்ணெயா வழுக்கினா களிமண்ணு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், பல்லுக்குத்தான் தெரியும். ஆனா துப்பிடணும். முழுங்கினா அது வேலை இல்ல, கிறுக்கு."

பாறையைப் படித்து, நிலத்தடி நீர் எங்கே இருக்கும் என்று சொல்வது அவர் உத்தியோகம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் மண்ணக்காதான். கணவரின் கைப்பேசியிலும் அப்படித்தான் இருக்கிறது.

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. டீக்கடை என்றும் பாராமல் பாடம் ஆரம்பித்துவிடும். பிஸ்கட்டின் மேல் தண்ணீர் சொட்டுவார். அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். டீத்தட்டின் மேல் சொட்டுவார். அது வழிந்து மேசையை நனைக்கும். "பிஸ்கட்டு மணல்கல்லு, தட்டு கெட்டிப்பாறை. தட்டுல விரிசல் விட்டிருந்தாத்தான் தண்ணி எறங்கும். அந்த விரிசலைத் தேடித்தான் நாய் மாதிரி அலையுறேன்." கடைக்காரர் உடனே விரிசல் விட்ட தட்டையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

இத்தனை வருஷம் ஆகியும் அவருக்குப் பிரமிப்பு தீரவில்லை. உள்ளங்கை அகலக் கல்லைக் காட்டி, "இது ஒரு காலத்துல கொழம்பா கொதிச்சுது" என்பார். சில ஆழ்துளைகளில் வரும் தண்ணீரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இது மழையா விழுந்தப்போ பாக்க ஒரு மனுஷன் இருந்தானோ இல்லையோ. அதுக்கப்புறம் வெயிலே படல. இன்னைக்குத்தான் படுது." பச்சைக் குழந்தை தூங்கும் அறையில் பேசுவது போலத்தான் அதைச் சொல்வார்.

இப்படிப்பட்டவர் சறுக்கியது சொந்தத் தங்கையின் தெருவிலேயே. அது மலைச்சரிவில் ஏறும் ஒற்றைத் தெரு. கிணறுகள் வற்றிப்போய், லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் வீடுகள். அங்கே வெளிர்ப்பாறையின் நடுவே ஒரு கரும்பாறைச் சுவர் மண்ணுக்கடியில் நிற்கிறது. ஆதியில் வெடிப்பு வழியே ஏறிய குழம்பு இறுகிச் சுவராகிவிட்டது. சரிவில் இறங்கும் நிலத்தடி நீர் அதில் முட்டி மேற்பக்கமே தேங்கிவிடும். அந்தச் சுவர் தெருவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்று மண்ணக்கா எடுத்துக்கொண்டார். பாறையை அளக்கும் கருவி அப்படியும் சொன்னது, இப்படியும் சொன்னது. "எங்க வாசல்லயே வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்க்கா" என்று தங்கை சொன்னதும் மனசு அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. தங்கை வாசலில் துளை போட்டார்கள். கடைசிவரை புழுதிதான். சுவர் முடியவில்லை, தெருவுக்குக் குறுக்கே நீண்டு தண்ணீரை மேலேயே மறித்திருந்தது.

"அவ மண்ணத் தின்னுட்டு எங்க வாயில மண்ணப் போட்டுட்டா" என்றது தெரு. அதைத் தினமும் கேட்டது தங்கைதான். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். போன வாரம் அவள் கணவர் வந்து, "இந்தத் தடவையும் வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு வேற ஊருக்குக் கெளம்புறோம் அண்ணி" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

இன்று இயந்திரம் நிற்பது தங்கை வீட்டுக்கு மேலே சரிவில் இருக்கும் தையற்காரர் முற்றத்தில், கரும்பாறைச் சுவருக்கு மேற்பக்கம். தங்கைக்கும் தையற்காரருக்கும் ஆகாது. "வந்தா அவங்களும் இங்கதானே வரணும்" என்று அவர் முணுமுணுக்க, "சுவரு எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல. தள்ளி நில்லுங்க" என்கிறார் மண்ணக்கா. குரலில் சிரிப்பில்லை.

குழாய் மேல் குழாயாக இறங்குகிறது. வெள்ளைப் புழுதி, மறுபடியும் வெள்ளைப் புழுதி. சிலர் எழுந்து போய்விட்டார்கள். மண்ணக்கா ஒவ்வொரு குவியலாகக் குனிந்து அள்ளுகிறார், அரைக்கிறார், துப்புகிறார். திடீரென்று கை நிற்கிறது. உள்ளங்கைச் சில்லுகளில் ஒரு பக்கம் மட்டும் துருப் பிடித்தது போலப் பழுப்பு.

"என்ன அது?" என்கிறார் தையற்காரர்.

"தண்ணி நடந்த தடம். இந்த விரிசல் வழியாப் போய்ப் போய்க் கல்லுல துரு ஏறியிருக்கு. இப்பவும் போகுதான்னுதான் தெரியல."

இன்னும் ஒரு குழாய். புழுதி அடங்கிச் சேறாகிறது. பிறகு துளை தொண்டையைச் செருமியது போல ஓர் ஓசை. பழுப்புத் தண்ணீர் ஆள் உயரம் எழும்பி முற்றத்தையும் தையற்காரரையும் ஒருசேர நனைக்கிறது. தெரு முழுக்க ஓடிவருகிறது. எழுந்து போனவர்கள்தான் முதலில் வருகிறார்கள். மண்ணக்கா மட்டும் நனைந்தபடியே, வாயில் கடைசிச் சிட்டிகை மண்ணோடு அசையாமல் நிற்கிறார்.

தண்ணீர் தெளிகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த தங்கை ஒரு டம்ளர் பிடித்து நீட்டுகிறாள்.

"வாயக் கொப்புளிச்சுக்கோக்கா. ஒரே மண்ணு."

மண்ணக்கா வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொள்கிறார். இரண்டு கன்னமும் உப்புகின்றன. வழக்கம்போல ஓரமாகத் திரும்புகிறார். திரும்பியவர் அப்படியே நிற்கிறார். பிறகு கண்ணை மூடி, மண்ணும் தண்ணீருமாக மெதுவாக விழுங்குகிறார்.