அளவு தப்பாத மாஸ்டர்

"அசையாதடி, இதோ முடிஞ்சிடுச்சு" என்று கொஞ்சிக்கொண்டே மாஸ்டர் பூனையின் வயிற்றைச் சுற்றி டேப்பை ஓட்டுகிறார். காலையில் தையல்கடை ஷட்டரைத் தூக்கியதும் இதுதான் முதல் வேலை. மிஷினைத் துடைப்பதுகூட அப்புறம்தான். பூனையின் பெயர் பாபின். அது வெட்டுமேசை மேல் நின்றபடி, வசமாக மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடு வேறு பக்கம் பார்க்கிறது. கண் திறக்காத குட்டியாக வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து, மிஷினுக்கு எண்ணெய் விடுகிற குப்பி போலப் புதிதாக ஒன்று வாங்கி, அதில் பால் புகட்டி ஆளாக்கியவர் அவர். இப்போது அது முதல் தடவையாகச் சினையாக இருக்கிறது.

"நேத்தைக்கு இன்னைக்கு ஒரு நூல் கூடியிருக்கு" என்று கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பார்த்து அறிவிப்பார்.

"புள்ளத்தாச்சியப் போட்டு என்ன பாடு படுத்துறீங்க! அதுக்கென்ன சட்டையா தைக்கப் போறீங்க?" என்று வீட்டுக்காரம்மாவின் குரல் வரும்.

"அளவு தெரிஞ்சாத்தானே ஒழுங்கா வளருதான்னு தெரியும்?"

அளவு என்றால் மாஸ்டருக்கு உயிர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. சவரம் செய்துகொள்ளும்போதும் அது தொங்கும். அளவு கொடுக்க வருகிறவர்கள் தொப்பையை எக்கிக்கொண்டு நிற்பார்கள். மாஸ்டர் அவசரப்பட மாட்டார். டேப்பைத் தளர்த்திவிட்டுக் கூரையைப் பார்த்தபடி, "மூச்ச விடுங்க. எவ்வளவு நேரம்தான் பிடிச்சிருப்பீங்க, நானும் பாக்குறேன்" என்பார். தைத்த சட்டை இறுக்கிப் பிடித்தால் துணி சுருங்கியிருக்கும். துணி சுருங்கவில்லை என்றால் போட்டவர் பெருத்திருப்பார். தன் அளவு தப்பியது என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். தைக்கக் கொடுப்பதும் மாஸ்டரிடம்தான், மல்லுக்கட்டுவதும் மாஸ்டரிடம்தான். "ஒரே ஒரு தடவ, தப்பு என்னுதுன்னு சொல்லிடுங்க மாஸ்டர், கேட்டுட்டு நிம்மதியா போயிடறேன்" என்பார். "இருந்தாத்தானே சார் சொல்றதுக்கு" என்று மாஸ்டர் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் ஆடிப்போய்விட்டார். பாபின் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டேப்பைக் கண்டால் பீரோவுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் வைத்தியரானார்கள். இஸ்திரி போடுகிறவர் உண்ணியாக இருக்கும் என்றார். மாஸ்டர் உடனே ஓடிப்போய் உண்ணிப் பவுடர் வாங்கிவந்துவிட்டார். மூடியைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"நக்கித் தொலைச்சா வயித்துல இருக்கிறதும் சேர்ந்து போயிடும். டாக்டரம்மாவைக் கேக்காம ஒரு பொட்டு மருந்து போடக் கூடாது, சொல்லிட்டேன்!"

தனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சத்து டானிக்கைப் பூனைக்கென்று கரண்டியில் ஊற்றி வைத்திருந்ததை அவர் சத்தமில்லாமல் குப்பியிலேயே திரும்ப ஊற்றினார்.

கால்நடை டாக்டரம்மா பாபினை மெல்லத் தடவிப் பார்த்தார். "குட்டிங்க நல்லா இருக்கு. ஆனா இதுக்கு உடம்பு சின்னது, முதல் பிரசவம் வேற. குட்டி சிக்கிக்கிட்டா தாய்க்கே ஆபத்து. ரொம்ப நேரம் முக்கியும் குட்டி வரலேன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, தூக்கிட்டு வாங்க. மத்தபடி கிட்டயே போகாதீங்க. பயந்துச்சுன்னா பாதியில நிறுத்திடும்." பிறகு நிமிர்ந்து, "ஆமா, வீட்ல யாராவது இது வயித்த அமுக்குறீங்களா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா அவர் கழுத்தைப் பார்த்தாள்.

அன்றோடு பூனையை அளப்பது நின்றது. கை சும்மா இருக்குமா? ஜன்னலை அளந்தார், டீ டம்ளரை அளந்தார். ஒரு அட்டைப்பெட்டிக்குள் பழைய மெத்துத்துணியை விரித்து, ஓரமெல்லாம் மடித்துத் தைத்து, ராஜபோகமாக ஒரு படுக்கை செய்தார். பாபின் சாப்பிடத் தொடங்கியது. படுக்கையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு என்னவாவது ஆகிவிட்டால் தான் தாங்கமாட்டோம் என்பது மாஸ்டருக்குத் தெரிந்தது. அதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவும் செய்தார். அவள் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பாபின் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டது. கடை அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த கணக்கு வாத்தியாரின் புதுக் கோட்டின் மேல் ஏறிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வீட்டுக்காரம்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். இப்போதுதான் முக்க ஆரம்பித்திருக்கிறது என்றால் பொறுத்துப் பாருங்கள், சத்தம் மட்டும் கூடவே கூடாது என்று பதில் வந்தது.

"மாஸ்டர்! கோட்டு ரெடியா?"

வாசலில் வாத்தியார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை எட்டிப் பழகிய குரல். பாபின் தலையைத் தூக்கியது. முக்குவதை நிறுத்தியது. மாஸ்டர் வெளியே வந்து, ஷட்டரைக் கிறீச்சிடாமல் முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஆகல சார்."

"நேத்தே முடிஞ்சிடுச்சுன்னீங்களே! நகருங்க, நானே எடுத்துப் போட்டுப் பாத்துக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. கோட்டைக் காப்பாற்ற மனிதர் உள்ளே பாய்வார், ஊரைக் கூட்டுவார். வாத்தியார் குனியத் தொடங்கிவிட்டார்.

"அளவு தப்பிடுச்சு சார்."

வாத்தியார் நிமிர்ந்தார். "என்னது?"

"அளவு தப்பிடுச்சு. தப்பு என்னுதுதான். என் செலவுல வேற துணி எடுத்துத் தைச்சுத் தர்றேன். கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்க."

எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வாத்தியார் கோட்டையே மறந்துவிட்டார். மாஸ்டர் நட்டநடுத் தெருவில் கழுத்திலிருந்த டேப்பை உருவி அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டார். வாத்தியார் பழக்கதோஷத்தில் தொப்பையை எக்கினார்.

"மூச்ச விடுங்க சார்."

வாத்தியார் விட்டார். காதை ஷட்டர் பக்கம் வைத்திருந்த மாஸ்டர்தான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே அரவமே இல்லை. அப்புறம் நூலிழையாய் ஒரு கீச்சுக் குரல். அதைத் தொடர்ந்து இன்னொன்று.

"எவ்வளவு வந்திருக்கு?" என்றார் வாத்தியார், ரகசியக் குரலில்.

டேப்பின் இரண்டு முனையும் மாஸ்டர் கையில்தான் இருந்தன. அவர் ஷட்டரையே பார்த்துக்கொண்டு, "தெரியலியே சார்" என்றார்.