கரண்டித் தண்ணீர்

“படுக்க வெச்சித் தண்ணி பருக்க வேணாம், நெஞ்சுக்குள்ள போயிரும்,” என்று ஆஸ்பத்திரித் தாதி என்னிடம் சொன்னபோது, கட்டிலில் உம்மாவின் நெஞ்சு கொறகொறவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

நான் சிறுமியாக இருந்தபோது, நாட்டில் சண்டை முடிந்த வருடம் அது. உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். சண்டைக் காலத்தில் விரட்டப்பட்டு விட்டு வந்த மன்னாருக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டியிருந்தவர், பள்ளிவாசல்துறையில் எங்கள் ஓலை வீட்டில் காய்ச்சலாகப் படுத்தார். ஈரக் கிடுகுக் கூரையும் கருவாடும் மணக்கும் அறையில் பெரியவர்கள் யாசீன் ஓதினார்கள். மவுத்தாகப் போகிறவருக்குத் தொண்டை காயக்கூடாதென்று, மல்லாந்து கிடந்தவரின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டோம். ஒன்பது வயதில் நான்தான் அதிகம் விட்டேன். அவர் இருமினார், முகத்தைத் திருப்பினார்.

“குடிங்க அப்பா,” என்று கெஞ்சினேன்.

பிறகுதான் அந்தக் கொறகொறப்பு தொடங்கியது.

“டொக்டர்ட்ட கொண்டு போவமா?” என்று உம்மா கேட்டார்.

“வயசு போனா அப்பிடித்தான்,” என்றார் மாமா.

மூன்றாம் நாள் மவுத்தானார். மரணப் பத்திரத்தில் காரணம் முதுமை என்றிருந்தது. இன்று காலை வரை அந்தச் சொல்லை நம்பியிருந்தேன்.

கட்டிலில் மல்லாந்து கிடக்கும் உம்மா கண் திறந்து, “தண்ணி, மகள்,” என்கிறார். கரண்டி என் கையில் இருக்கிறது.

“குடு புள்ள,” என்கிறார் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருக்கும் மாமா. “வயசு போன ஆள்தானே.”